ஒரு மில்லிமீட்டர் குழாயில் எட்டுத் தையல்

காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூரில் எங்கள் பழைய வீட்டு நிலைக்கதவைச் சரிபார்க்க ஆசாரி அண்ணன் வந்திருந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டு மர வேலையெல்லாம் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ரம்பப் பட்டறையில் அவருடைய இடது ஆள்காட்டி விரல் துண்டாகிப் போனது. அன்று இரவே ஆபரேஷன் செய்து திரும்ப வைத்துவிட்டார்கள். கதவின் இழைப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “பாப்பா, நீயும் இந்த வேலைதானே பாக்குற. வெட்டுப்பட்ட விரலை எப்படித்தான் ஒட்டுறாங்க?”

“ஒட்டுறதில்ல அண்ணே, தைக்கிறோம். அதுலயும் முக்கியமா விரலுக்குள்ள ஓடுற ரத்தக்குழாயத் தைக்கிறோம்” என்றேன்.

அவருக்கு அது புதுச் செய்தி. அன்று முகப்பில் உட்கார்ந்து அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

துண்டான விரலில் எலும்பு, தசைநாண், நரம்பு, தோல், ரத்தக்குழாய் எல்லாமே அறுந்திருக்கும். எலும்பைக் கம்பி போட்டு நிறுத்திவிடலாம். தோலைத் தைத்துவிடலாம். அதோடு நிறுத்தினால் விரல் இருந்த இடத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். சில நாளில் கறுத்துவிடும். ரத்தம் உள்ளே போகவும் வேண்டும், போன ரத்தம் வெளியே வரவும் வேண்டும். கொண்டு போவது தமனி, திருப்பிக் கொண்டு வருவது சிரை. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், விரல் ஒரு கண்மாய். தமனிதான் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால், சிரைதான் மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு. வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய் வற்றும். கலுங்கு அடைத்தால் தண்ணீர் ஏறி ஏறிக் கரை உடையும். இரண்டில் எது போனாலும் விரல் போச்சு.

சரி, அந்தக் குழாய் எவ்வளவு பெரியது? விரலின் அடிப்பக்கத்தில் தமனியின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நுனிக்குப் போகப் போக இன்னும் சிறுக்கும். ஒரு கேழ்வரகு மணி சிரமப்பட்டு நுழைகிற துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தைக்கிற நூல் நைலான். 10-0 என்று எழுதி ‘டென் ஜீரோ’ என்று சொல்வோம். முன்னால் வரும் எண் கூடக் கூட நூல் மெலியும். 10-0 நூலின் தடிமன் 0.02-லிருந்து 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தலைமுடியில் பாதிகூட வராது. ஊசி வளைந்திருக்கும், நூல் அதன் வால்பக்கத்திலேயே பொருத்தி வரும், காதில் கோக்கிற வேலை கிடையாது. பச்சைத் துணிமேல் கீழே வைத்துவிட்டால் வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாது. அதனால்தான் மைக்ரோஸ்கோப். 10 முதல் 25 மடங்கு வரை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே தைக்கிறோம்.

அளவு சின்னது என்பது மட்டுமல்ல சிக்கல். ரத்தக்குழாய் என்பது வெறும் ரப்பர் டியூப் இல்லை. அதன் சுவருக்கு மூன்று அடுக்கு உண்டு. வெளியே நார்நாராக ஒரு போர்வை. நடுவே சுருங்கி விரியும் தசை. உள்ளே ஒரே வரிசைச் செல்களால் ஆன வழவழப்பான பூச்சு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பூச்சு; நூறு வருடம் கழித்தும் கை வழுக்கும், தூசி ஒட்டாது. ரத்தக்குழாயின் உள்பூச்சும் அப்படித்தான். அதன்மேல் ரத்தம் ஒட்டாமல் ஓடும். ஆனால் பூச்சு உரிந்து அடியில் உள்ள நார் வெளியே தெரிந்தால், ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் அந்த இடத்தில்தான் போய் ஒட்டும். ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து கட்டியாகும். விரலில் சின்னக் காயம் பட்டால் ரத்தம் தானாக நிற்பதும் இதே வேலையால்தான். காயத்தில் நம்மைக் காப்பாற்றுகிற அந்தக் குணமே தைத்த குழாயில் நமக்கு எதிராக நிற்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் அதில் ஓடும் அளவு பாதியாகக் குறையாது, பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே இழுத்துக் கட்டிக் குறுக்கிய ஒரு தையல்கூட ஓட்டத்தைப் பெரிதாகக் குறைத்துவிடும்.

இங்கே என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளை பிறந்தால் பழைய மல் வேட்டியைக் கிழித்து அப்பத்தா கையாலேயே சட்டை தைப்பார். அதில் தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் இருக்கும். பார்ப்பவர்களுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டதுபோலத் தெரியும். “பிள்ளை உடம்புல உறுத்தக் கூடாதுல்ல ஆத்தா” என்பார். ரத்தக்குழாய்த் தையலின் மொத்த இலக்கணமும் எனக்கு அந்தச் சட்டையில் இருக்கிறது. வெட்டிய இரண்டு விளிம்பும் லேசாக வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். உள்பூச்சு உள்பூச்சைத் தொட வேண்டும். முடிச்சு வெளியே. நார் வெளியே. ரத்தம் உரசிப் போகிற பக்கம் வழவழப்பு மட்டும். இனிமேல் வரப்போகிற ஒவ்வொரு நுணுக்கமும் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

தையல் கலைக்கும் இந்த மருத்துவத்துக்கும் உள்ள உறவு நான் இட்டுக்கட்டியது இல்லை. 1894-ல் பிரெஞ்சு ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரத்தில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுந்திருந்தது. அதைத் தைக்க அப்போது யாருக்கும் வழி தெரியவில்லை, இறந்துபோனார். அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் காரெல் என்ற இளைஞரை இந்தச் சாவு உலுக்கியது. பட்டுக்குப் பேர்போன அந்த நகரத்தில் லெருதியே என்ற பூத்தையல்கார அம்மாவிடம் போய் மெல்லிய ஊசியில் தைக்கக் கற்றுக்கொண்டார். வாசலின் பூசிய பட்டு நூலால் ரத்தக்குழாய்களைத் தைத்துப் பழகி, 1902-ல் தன் முறையை வெளியிட்டார். 1912-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காரெல் செய்தது கேட்கச் சின்ன விஷயம்தான். வட்டமான குழாய் வாயில் சம தூரத்தில் மூன்று தையல் போட்டு, மூன்று நூலையும் மூன்று பக்கம் இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணமாகிவிட்டது. வட்டத்தின் விளிம்பைத் தைப்பது கஷ்டம், நேர்கோட்டைத் தைப்பது சுலபம். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமாகத் தைத்து முடித்தார். அதோடு, இழுத்துப் பிடித்திருப்பதால் எதிர்ச்சுவர் தள்ளி நிற்கும். ஊசி அதைத் தவறிக் குத்தாது. இதை முதல்முதலாகப் படித்தபோது அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊசியும் நூலும் மனிதருக்குத் தெரிந்து எத்தனை ஆயிரம் வருடம்! வட்டத்தை முக்கோணமாக இழுக்கலாம் என்று ஒருவர் நினைத்துப் பார்க்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

காரெல் தைத்தவை பெரிய குழாய்கள். சின்னக் குழாய்க்கு வர இன்னும் அரை நூற்றாண்டு போயிற்று. 1960-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜேக்கப்சன், சுவாரெஸ் என்ற இருவர் மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு 1.4 மில்லிமீட்டர் குழாய் வரை தைத்துக் காட்டினார்கள். 1965-ல் ஜப்பானின் நாரா நகரில் கோமாட்சு, தமாய் என்ற மருத்துவர்கள் முழுதாகத் துண்டான கட்டைவிரலைத் திரும்பப் பொருத்தினார்கள். அப்புறம் வேகமாகப் பரவியது. நம் மாநிலத்திலும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவும், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் இந்த வேலைக்குப் பேர் எடுத்தவை.

இனி தையலுக்கு வருவோம். மைக்ரோஸ்கோப் அடியில் முதல் வேலை தைப்பது இல்லை, சுத்தம் செய்வது. நசுங்கிய நுனியை நல்ல சுவர் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இதில் இரக்கம் பார்க்கக் கூடாது. நைந்த குழாயில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் கட்டிதான் மிஞ்சும். வெட்ட வெட்ட நீளம் குறையுமே என்றால், அதற்காகத்தான் முன்கூட்டியே எலும்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம். இழுத்துக் கட்டிய குழாய் பிழைக்காது. எலும்பைக் குறைத்தும் நீளம் பற்றவில்லை என்றால் முன்கையிலிருந்து ஒரு துண்டுச் சிரையை எடுத்து நடுவில் ஒட்டுப்போடலாம். சிரைக்குள் ரத்தம் ஒரே பக்கம் போகும்படி வால்வுகள் இருக்கும். ஆகவே தமனியின் நடுவே அதை வைக்கும்போது தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். மறந்தால் வால்வே கதவடைத்துவிடும்.

அடுத்து, வெளியே இருக்கும் நார்ப் போர்வையை விளிம்பருகில் கொஞ்சம் கத்தரித்து எடுக்க வேண்டும். சட்டைக்கையை இழுப்பதுபோல அதை நுனி தாண்டி இழுத்து, ஒரே வெட்டு. விட்டால் ஊசியோடு அந்த நாரும் உள்ளே போய்விடும். ஒரு நார் உள்ளே தொங்கினால் போதும், ரத்தம் அதில் கட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு நுனியையும் கிளாம்ப் என்கிற ஒரு சின்ன இரட்டைக் கவ்வியில் எதிரெதிரே நிறுத்தி, ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் மருந்து கலந்த சலைனால் (உப்புநீரால்) உள்ளே கழுவுவோம். தமனி சுருங்கி முரண்டு பிடித்தால் மேலே லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தைச் சொட்டுவிடுவோம். மழுங்கிய நுனியுள்ள ஃபோர்செப்ஸை, அதாவது சின்ன இடுக்கியை, உள்ளே விட்டு மெதுவாக விரிப்போம். உள்பூச்சை மட்டும் கிள்ளிப் பிடிக்கவே கூடாது. பிடிக்க வேண்டுமானால் வெளி நாரைப் பிடி. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இதைச் சொல்லாத நாளே இல்லை.

ஒரே ஒரு தையலைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஊசி சுவருக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் வெளி அடுக்கில் அதிகமாகவும் உள் அடுக்கில் குறைவாகவும் பிடித்து விளிம்பு உள்ளே மடங்கும். அப்பத்தாவின் சட்டை தலைகீழாகிவிடும். விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிக் குத்துவது? சுவரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு, மிஞ்சினால் அதில் இரண்டு மடங்கு. சிரைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம். மூன்று அடுக்கும் ஊசியில் வர வேண்டும். எதிர் நுனியில் அதே அளவு உள்ளிருந்து வெளியே. ஊசியின் வளைவு போகிற போக்கிலேயே அதை இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் சுவர் கிழியும். நூலை இழுத்து, வால் சிறியதாக இருக்கும்போது நிறுத்தி, மூன்று முடிச்சு. முதல் முடிச்சில் விளிம்புகள் ஒன்றை ஒன்று தொட்டால் போதும். நெரிக்கிற அளவுக்கு இறுக்கினால் சுவரே அறுந்துவிடும். இப்படி ஒரு மில்லிமீட்டர் தமனிக்கு ஏறக்குறைய எட்டுத் தையல். கூடுதலாகப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஒவ்வொரு தையலும் ஒரு காயம். கசியாமல் இருக்க எத்தனை குறைவாக வேண்டுமோ அத்தனைதான்.

எட்டையும் எந்த வரிசையில் போடுவது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. நேர் எதிரெதிராக, கடிகாரத்தின் 9 மணியிலும் 3 மணியிலும் இரண்டு தையல் போட்டு, முன்பக்கத்தைப் பாதி பாதியாக நிரப்பி, கிளாம்ப்பைத் திருப்பிப் பின்பக்கத்தை நிரப்புவது ஒன்று. ஆரம்பிப்பவர்களுக்கு இது கணக்குக்கு எளிது. ஆனால் இரண்டு நூலையும் சம தூரத்தில் இழுக்கும்போது முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு மாற்றாக இங்கிலாந்தின் ஜான் காபெட் சொன்ன வழி, முதல் இரண்டு தையலையும் 180 பாகைக்குப் பதில் 120 பாகை இடைவெளியில் போடுவது. இழுக்கும்போது முன்சுவர் விறைப்பாக நிற்கும், நீளமான பின்சுவர் தானாகக் கீழே தொங்கி விலகிக்கொள்ளும். காரெலின் முக்கோணம்தான், சின்னக் குழாய்க்கு ஏற்றபடி. மூன்றாவது வழி, பின்சுவரை முதலில் தைப்பது. குழாயைத் திருப்ப இடமில்லாத குறுகிய இடங்களில் இதுதான் கைகொடுக்கும். ஒவ்வொரு தையல் போடும்போதும் உள்பக்கம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

இந்த வழிகள் எல்லாமே ஒரு தவற்றுக்குப் பயந்து பிறந்தவை. முன்சுவரைத் தைக்கும்போது ஊசி பின்சுவரையும் சேர்த்துக் குத்திவிடுவது. நானே அதைச் செய்திருக்கிறேன். பயிற்சிக்காகக் கறிக்கடையிலிருந்து கோழித் தொடை வாங்கி வந்து அதன் தமனியில் தைத்துப் பழகுவோம். ஒரு சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்து எட்டுத் தையல் போட்டேன். வெளியிலிருந்து பார்க்க வரிசை தப்பாமல் அவ்வளவு அழகு. சிரிஞ்சால் தண்ணீர் செலுத்தினேன், அந்தப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. நீளவாக்கில் வெட்டிப் பிரித்துப் பார்த்தால் நான்காவது தையல் இரண்டு சுவரையும் சேர்த்துக் கட்டியிருந்தது. வெளியே தெரியும் அழகை நம்பக் கூடாது என்று அன்று புரிந்தது. அன்றிலிருந்து கடைசி இரண்டு மூன்று தையலுக்கு நூலை மட்டும் கோத்து, முடிச்சுப் போடாமல் விட்டு, இடைவெளி வழியே உள்ளே நன்றாகப் பார்த்த பிறகே ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுகிறேன்.

தனித்தனியாக முடிச்சுப் போடாமல் ஒரே நூலால் சுற்றிக்கொண்டே போவதும் உண்டு. வேகமாக முடியும், கசிவும் குறைவு. ஆனால் நூலை இழுத்துவிட்டால் பைக்கயிற்றை இழுத்ததுபோல வாய் சுருங்கும். அளவு பெரிய குழாயில் பரவாயில்லை. விரல் தமனியில் நான் செய்ய மாட்டேன். குழாயின் முனையை இன்னொரு பெரிய குழாயின் பக்கவாட்டில் துளை போட்டுத் தைப்பதும் ஒரு முறை. உடம்பின் ஒரு இடத்திலிருந்து தசையை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கும்போது, அந்த இடத்துக்குப் போகும் பெரிய தமனியை அறுக்காமலேயே அதிலிருந்து கிளை வாங்க அது உதவும்.

சிரையைத் தைப்பது தமனியைவிடக் கடினம். சுவர் ஈர டிஷ்யூ பேப்பர்போல ஒட்டிக்கொள்ளும். வாய் எங்கே என்றே தெரியாது. சலைனில் மிதக்கவிட்டால் வாய் தானாகத் திறக்கும். அந்த நொடியில் ஊசியை விட வேண்டும். சிரைக்கென்றே ஊசிமுனைகள் பதித்த இரண்டு சின்ன வளையங்களும் வந்திருக்கின்றன. குழாய் நுனியை வளையத்தின் வழியே இழுத்து வெளிப்பக்கம் மடித்து முனைகளில் மாட்டி, இரண்டு வளையத்தையும் சேர்த்து அழுத்தினால் முடிந்தது. உள்பூச்சு உள்பூச்சைத் தொடும், நூலே உள்ளே இருக்காது. விலைதான் கொஞ்சம் இடிக்கும்.

கடைசியில் கிளாம்ப்பை எடுக்கும் நேரம். தையல் துளைகளிலிருந்து ரத்தம் லேசாகக் கசியும். ஊசி நூலைவிடத் தடிமன் என்பதால் துளையை நூல் முழுக்க அடைக்காது; சில நிமிடம் பஞ்சு வைத்தால் நின்றுவிடும். பதறி இன்னொரு தையல் போடக் கூடாது. ரத்தம் தாண்டிப் போகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இணைப்பைத் தாண்டிய இடத்தில் இரண்டு ஃபோர்செப்ஸால் குழாயை மெதுவாகப் பிடித்து, ஒன்றை முன்னே நகர்த்தி நடுப்பகுதியை வெறுமையாக்கிவிட்டு, இணைப்புப் பக்கத்து ஃபோர்செப்ஸைத் திறக்க வேண்டும். வெறுமையான இடம் சட்டென்று நிரம்பினால் வழி இருக்கிறது. குழாயைக் காயப்படுத்தும் என்பதால் இதை அடிக்கடி செய்யக் கூடாது. அப்புறம் விரலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். மெழுகு நிறத்தில் இருந்த விரல் நுனி மெல்ல இளஞ்சிவப்பாகும். ஆபரேஷன் தியேட்டரில் அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

முதல் மூன்று நாள் கண்காணிப்புதான் எல்லாம். மணிக்கு ஒரு தடவை விரலைப் பார்ப்பார்கள். வெளிறிச் சில்லிட்டால் வரத்துக்கால் அடைத்திருக்கிறது. நீலம் பாரித்து வீங்கி, அழுத்தி விட்டவுடன் நிறம் மிக வேகமாகத் திரும்பினால் கலுங்கு அடைத்திருக்கிறது. முதலாவதற்குத் திரும்பவும் தியேட்டருக்கு ஓட வேண்டியதுதான். இரண்டாவதற்கும் பெரும்பாலும் அதுதான். ஆனால் தைக்கச் சிரையே கிடைக்காத நுனிவிரல் என்றால் அட்டை விடுவதுண்டு. அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. புதுச் சிரைகள் முளைக்கும் வரை தேங்கிய ரத்தத்தை அது வடித்துக்கொடுக்கும். நம்ம ஊரணி அட்டையைப் பிடித்து விடுவதில்லை. இதற்கென்றே வளர்த்த மருத்துவ அட்டை. அதன் குடலிலுள்ள கிருமிக்காக ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுப்போம். இந்த நாட்களில் ஒரு பீடிகூடக் கூடாது. நிகோடின் குழாயைச் சுருக்கும். அண்ணன் அன்று விட்டவர்தான், இன்று வரை தொடவில்லை.

இவ்வளவையும் கேட்ட ஆசாரி அண்ணன் கேட்டது வேறு ஒன்று. பட்டறையில் நாளைக்கு இன்னொருத்தருக்கு ஆனால் என்ன செய்வது? விரலைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றுங்கள். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். ஐஸில் நேராக விரலைப் போட்டால் சுவர் உறைந்து, தைக்க ஒன்றும் மிஞ்சாது. கையிலுள்ள காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை மேலே தூக்கி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். கயிறு போட்டு இறுக்கவும் வேண்டாம். பாதி தொங்கும் விரலைப் பிய்த்து எடுக்காதீர்கள். அந்த ஒட்டில் ஒரு சிரை பிழைத்திருக்கலாம். விரலில் தசை இல்லை என்பதால் குளிரில் வைத்தால் 24 மணி நேரம் வரைகூடத் தாங்கும், வெளியே வைத்தால் 12 மணி நேரம். முழங்கை வரை போன கை என்றால் தசை அதிகம். குளிரில்லாமல் 6 மணி நேரம்தான். காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். கிளம்பும்போதே போன் செய்து, மைக்ரோ சர்ஜரி செய்யும் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். இல்லாத இடத்தில் போய்க் காத்திருந்துதான் பல விரல்கள் வீணாகின்றன.

அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். அப்புறம் இடது ஆள்காட்டி விரலை நிலையின் இழைப்பில் வைத்துத் தேய்த்தார். தைத்த நரம்பு ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும். திரும்பினாலும் பழையபடி முழுசாக இருக்காது, மார்கழிக் குளிர் அந்த விரலில்தான் முதலில் தெரியும். “கரடு இருக்கறது தெரியுது பாப்பா. ஆனா எந்தப் பக்கம்னு சொல்ல முடியல” என்றார். வலது கை விரலால் அதே இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார்.